டிராயிங் முடியும் முன்பே கூப்பிடுங்கள்: உடனிகழ் பொறியியல், குழு வேலை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைப் பக்கம் பம்பு, மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் முதலில் டிராயிங் போடுகிறவனாகவும், அப்புறம் அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமிலும், கடைசியில் புதுப் பொருள் உருவாக்கும் பிரிவிலும் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். இளம் இன்ஜினியர்களும் சின்ன யூனிட் முதலாளிகளும் திரும்பத் திரும்பக் கேட்கிறவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

உடனிகழ் பொறியியல் என்றால் என்ன?

கன்கரண்ட் இன்ஜினியரிங் என்பதைத்தான் தமிழில் இப்படிச் சொல்கிறோம். ஒரு புதுப் பொருளை வடிவமைப்பது ஒரு வேலை. அதை எந்த முறையில் செய்வது, எப்படிப் பூட்டுவது, எப்படிச் சோதிப்பது, பழுதானால் எப்படிக் கழற்றுவது என்று தீர்மானிப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைக்காமல் ஒரே காலத்தில் நடத்துவதுதான் இது. அதற்காக டிசைன், டூல் ரூம், உற்பத்தி, தரம், பர்ச்சேஸ், சர்வீஸ் ஆட்கள் முதல் நாளிலிருந்தே ஒரு குழுவாக உட்காருகிறார்கள்.

பாடப் புத்தக விளக்கம் இதோடு முடிந்துவிடும். என் அனுபவத்தில் இதன் உயிர் இருக்கும் இடம் வேறு. டிசைனர் தன்னுடைய முடியாத டிராயிங்கைக் கூச்சமில்லாமல் அடுத்த ஆளிடம் காட்ட வேண்டும். அவரும் ‘இன்னும் முடிக்கவே இல்லையே’ என்று முகம் சுளிக்காமல் அதை வாங்கிப் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் நடக்கிற கம்பெனியில் மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வரும். நடக்காத இடத்தில் எத்தனை குழு போட்டாலும் அது சுற்றறிக்கையில்தான் இருக்கும்.

அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்தால் போதாதா? பழைய முறையில் என்ன குறை?

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு பேரிங் ஹவுசிங்குக்கு, அதாவது பேரிங் உட்காரும் கூட்டுக்கு, டிராயிங் போட்டேன். நாலு போல்ட். அதில் ஒரு போல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரிப், அதாவது பலத்துக்காக வைக்கும் மேடான பட்டை, வந்தது. போல்ட் தலைக்கும் ரிப்புக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. மேலதிகாரி சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். பேட்டர்ன் கடைக்காரர் டிராயிங்கில் இருந்தபடியே பேட்டர்ன், அதாவது மண் அச்சு எடுப்பதற்கான மாதிரி, செய்தார். ஃபவுண்டரி உலோகத்தை உருக்கி ஒழுங்காக ஊற்றியது. மெஷின் ஷாப்பில் எல்லா அளவும் டாலரன்ஸுக்குள், அதாவது அனுமதித்த வித்தியாசத்துக்குள், வந்தது. தரப் பிரிவு பாஸ் பண்ணியது.

அசெம்பிளியில் ஃபிட்டர் ஸ்பேனரைப் போட்டார். உள்ளே போகவில்லை. போல்ட் தலைக்கு இடம் விட்ட நான், ஸ்பேனரின் வளையத்துக்கு இடம் விடவில்லை.

அதற்குள் முந்நூறு காஸ்டிங் வந்து இறங்கிவிட்டது. ஃபிட்டர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ரிங் ஸ்பேனரை பெஞ்ச் கிரைண்டரில் பிடித்து வெளிவட்டத்தைத் தேய்த்து மெலிதாக்கிக்கொண்டார். அந்தத் தேய்ந்த ஸ்பேனர் அவர் மேஜைக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கியது. உடைந்தால் இன்னொன்றைத் தேய்ப்பார். வேறு வேலையாக அங்கே போன நாளில்தான் எனக்கே தெரிந்தது. அதற்குள் இரண்டு வருடம் ஓடியிருந்தது. “ஏங்கண்ணா, என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன். “யாருகிட்டப் போய்ச் சொல்றதுங்க தம்பி?” என்றார்.

அந்தச் சங்கிலியில் எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். ஒரு துறை தன் வேலையை முடித்து, சுவருக்கு மேலே வீசி, அந்தப் பக்கம் இருப்பவர் பிடித்துக்கொள்ளட்டும் என்று விடுவதுதான் பழைய முறை. சுவருக்கு அந்தப் பக்கம் தெரிகிற விஷயம் இந்தப் பக்கம் திரும்பி வர அதில் வழியே இல்லை.

இந்தப் பெயரும் முறையும் எங்கிருந்து வந்தன?

பெயர் 1980களில் அமெரிக்காவில் நிலைபெற்றது. ஆயுதத் தளவாடங்கள் உருவாக வருடக்கணக்கில் ஆனதும் செலவு ஏறிக்கொண்டே போனதும் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையைத் தொந்தரவு செய்தன. அதற்காக ஆய்வு செய்யும் ஒரு நிறுவனம் 1988 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைதான் கன்கரண்ட் இன்ஜினியரிங் என்ற சொல்லுக்குப் பரவலான ஒரு வரையறையைக் கொடுத்தது.

செயல் அதற்கு முன்பே இருந்தது. ஜப்பானியக் கார் கம்பெனிகள் இதற்குத் தனிப் பெயர் எதுவும் வைக்காமலே இப்படித்தான் வேலை செய்துகொண்டிருந்தன. அமெரிக்காவில் ஃபோர்டு 1980இல் கடும் நஷ்டத்தில் இருந்தபோது லூயிஸ் வெரால்டி தலைமையில் டாரஸ் காருக்காக ஒரு குழு அமைத்தது. டிசைன் முதல் சர்வீஸ் வரை எல்லாத் துறையும் அதில் இருந்தன. அவர்கள் அசெம்பிளி லைன் தொழிலாளிகளிடம் போய் யோசனை கேட்டார்கள். வந்த யோசனைகளில் ஒன்று, போல்ட் தலைகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் அடிக்கடி டூலை மாற்ற வேண்டியதில்லை என்பது. எவ்வளவு எளிய விஷயம் பாருங்கள்! கார் 1985 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 1992இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற காராகவும் ஆனது.

டிராயிங் முடியாமல் டை வெட்ட ஆரம்பித்தால் ஸ்டீல் வீணாகாதா?

எல்லாக் கேள்விகளிலும் நல்ல கேள்வி இதுதான். பயமும் நியாயமானது. டை என்பது பொருளுக்கு வடிவம் கொடுக்கும் ஸ்டீல் அச்சு; அதைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் நிச்சயம் வீணாகும்.

டூல் ரூம் ஆட்களுக்குத் தெரிந்த ஒரு நியதி இருக்கிறது: உலோகத்தை எடுப்பது சுலபம், சேர்ப்பது கஷ்டம். வெல்டிங் வைத்துச் சேர்க்கலாம், ஆனால் டையின் ஆயுள் போய்விடும். அதனால் சந்தேகம் உள்ள இடத்தில் ஸ்டீலை மிச்சம் வைத்து வெட்டுவார்கள். பிளாஸ்டிக் பொருளுக்கான அச்சை, அதாவது மோல்டை, எடுத்துக்கொள்ளுங்கள். பொருளில் ரிப்பாக வருவது மோல்டில் பள்ளமாக இருக்கும். ரிப் எவ்வளவு தடிமன் என்று இன்னும் முடிவாகவில்லை என்றால் மெலிதாகவே வெட்டிவைக்கலாம். பிறகு தடிமன் கூட்டச் சொன்னால் இன்னும் கொஞ்சம் ஸ்டீலை எடுத்தால் போதும். பொருளில் ஓட்டையாக வருவது மோல்டில் ஒரு பின். அதைக் கொஞ்சம் பெரிதாக வைத்து ஆரம்பிக்க வேண்டும். ஓட்டையைச் சிறிதாக்கச் சொன்னால் பின்னைத் தேய்த்துவிடலாம்.

இதெல்லாம் நடக்க டூல் ரூமுக்கு முழு டிராயிங் தேவையில்லை. எது மாறும், எந்தத் திசையில் மாறும் என்று தெரிந்தால் போதும். “இந்தச் சுவர் இப்போதைக்கு 3 மில்லிமீட்டர். டெஸ்ட்டுக்குப் பிறகு 3.5 ஆகலாம். 3க்குக் கீழே ஒருநாளும் போகாது.” டிசைனர் இந்த மூன்று வாக்கியம் சொன்னால் டூல் ரூம் இன்றைக்கே வேலையைத் தொடங்கலாம். சொல்லாவிட்டால் டிராயிங் வரும்வரை மெஷின் காத்துக்கிடக்கும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பொருளின் மொத்த நீள அகலமும் எந்த பிரஸ்ஸில் ஓடும் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிடும். டை பிளாக்கை ஆர்டர் செய்ய அது போதும். ஸ்டீல் வந்து சேரவே வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் டிசைன் வேலை நடந்துகொண்டிருக்கும்.

1980களின் கடைசியில் ஜப்பான், அமெரிக்க, ஐரோப்பியக் கார் கம்பெனிகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் கண்டதும் இதைத்தான். ஜப்பானில் பாடி பேனல் டைகளை ஆரம்பநிலை டிராயிங்கை வைத்தே வெட்டத் தொடங்கிவிடுவார்கள். டிசைனரும் டை செய்கிறவரும் தினமும் பேசிக்கொள்வார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இறுதி டிராயிங் வெளியாகும்வரை காத்திருந்தார்கள். டை தயாராகும் காலம் ஜப்பானில் ஏறத்தாழ பாதிதான். சீக்கிரம் வெட்டுவதால் மாற்றச் செலவு கூடியிருக்கும் என்றுதானே நாம் நினைப்போம்? அதுவும் ஜப்பானில்தான் குறைவாக இருந்தது. கூடவே பேசிக்கொண்டிருந்ததால் எங்கே மாற்றம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது.

பெரிய அளவில் இதைச் செய்து காட்டியது யார்?

நான் எப்போதும் காட்டும் உதாரணம் போயிங் 777. யுனைடெட் ஏர்லைன்ஸ் 1990 அக்டோபரில் முதல் ஆர்டர் கொடுத்தது. அதற்கு முன்பே, அந்த வருடத் தொடக்கத்திலிருந்து, எட்டு விமானக் கம்பெனிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து என்ன வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். விமானத்தைப் பயன்படுத்தப்போகிறவர் வடிவமைப்பு அறைக்குள் வருவது அந்தத் தொழிலில் அதுவரை பழக்கமில்லாத ஒன்று. ஆர்டர் கையெழுத்தானபோது, இரு தரப்பும் சேர்ந்து உழைக்கும் பொறுப்பு உள்ளவர்கள் என்று கையால் எழுதிய ஒரு தாளிலும் கையெழுத்துப் போட்டார்கள்.

உள்ளே வேலையை 238 குழுக்களாகப் பிரித்தார்கள். டிசைன்–பில்ட் டீம் என்று பெயர். இறக்கையின் ஒரு பகுதிக்கு ஒரு குழு, கதவுக்கு ஒரு குழு என்று போகும். வடிவமைப்பவர், கருவி செய்பவர், உற்பத்தித் திட்டமிடுபவர், சப்ளையர், வாடிக்கையாளர் கம்பெனியின் பராமரிப்பு ஆள் எல்லோரும் ஒரே மேஜையில். இறக்கையில் எரிபொருள் நிரப்பும் பேனல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்த யுனைடெட் ஆட்கள், எங்கள் வண்டியிலிருந்து எட்டாதே என்றார்கள். அந்த நிலையில் அதைக் கணினியில் நகர்த்தினால் போதும், நகர்த்தினார்கள். விமானம் பறக்கத் தொடங்கிய பிறகு தெரிந்திருந்தால் உலகத்து விமான நிலையங்களில் எத்தனை வண்டிகளை மாற்ற வேண்டியிருக்கும்!

777க்கு முன்புவரை, பாகங்கள் ஒன்றோடொன்று இடிக்கின்றனவா என்று பார்க்க மரத்திலும் உலோகத்திலும் முழு அளவு மாதிரி விமானம் கட்டுவார்கள். 777இல் அந்த முழு மாதிரியைக் கைவிட்டு, கட்டியா என்ற மென்பொருளில் எல்லாப் பாகங்களையும் முப்பரிமாணத்தில் வரைந்து கணினியிலேயே பூட்டிப் பார்த்தார்கள். நம்பிக்கைக்காக மூக்குப் பகுதியை மட்டும் நிஜமாகக் கட்டிப் பார்த்தார்கள். ஒரு குழு இன்று வரைந்ததை இன்னொரு குழு நாளைக்கே பார்க்கலாம். அதாவது முடியாத டிராயிங்கை ஆயிரக்கணக்கான பேர் பார்க்கிறார்கள். பல மூத்த இன்ஜினியர்களுக்கு இது பிடிக்கவில்லை. முழுதாக முடித்துத்தான் வெளியே விடுவேன் என்பது அவர்கள் வளர்ந்த விதம். பிரச்சினையை மறைக்காமல் எல்லோர் முன்னும் வைக்கும் பழக்கத்தைக் கொண்டுவர, அந்தத் திட்டத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆலன் முலாலி தொடர்ந்து பாடுபட்டார்.

மாற்றங்கள், தவறுகள், மறுவேலை எல்லாவற்றையும் முந்தைய விமானங்களைவிடப் பாதியாகக் குறைப்பது இலக்கு. அதைத் தாண்டிவிட்டதாகப் போயிங் பிறகு அறிவித்தது. சுமார் 30 லட்சம் பாகங்கள் கொண்ட அந்த விமானம் 1994 ஜூன் 12 அன்று முதன்முதலாகப் பறந்தது. 1995 ஜூன் 7 அன்று யுனைடெட்டில் சேவைக்கு வந்தது.

அப்படியானால் கணினியில் டிராயிங் போடும் நல்ல கேட் (CAD) மென்பொருள் வாங்கினால் பாதி வேலை முடிந்ததா?

இல்லை. இதற்கு ஏர்பஸ் ஏ380 கதையைச் சொன்னால் போதும்.

அந்த விமானத்தில் சுமார் 530 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்கம்பி ஓடுகிறது. கம்பிக் கட்டுகளின் பெரும்பகுதி ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் வடிவமைக்கப்பட்டது. இறுதிப் பூட்டு வேலை பிரான்ஸின் துலூஸில். இரண்டு இடத்திலும் கட்டியா மென்பொருள்தான். ஆனால் ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் 4ஆம் பதிப்பு, பிரான்ஸிலும் பிரிட்டனிலும் 5ஆம் பதிப்பு. ஒன்றில் செய்த மாற்றம் மற்றதில் சரியாக வந்து சேரவில்லை. கம்பிக் கட்டுகளைத் துலூஸுக்குக் கொண்டுவந்து விமானத்துக்குள் இழுத்துப் பார்த்தால் நீளம் பற்றவில்லை. ஹாம்பர்க்கிலிருந்து ஆட்கள் கூட்டமாகத் துலூஸுக்கு வந்து கையால் திருத்தும் நிலை ஆயிற்று.

2006 ஜூனில் தாமதத்தை அறிவித்ததும் தாய் நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் 26 சதவீதம் விழுந்தது. அடுத்த மாதமே இரண்டு பெரிய தலைவர்கள் பதவி விலகினார்கள். முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்கு 2007 அக்டோபரில்தான் போனது.

பதிப்பு வேறு என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதை ஏன் முன்பே சரிசெய்யவில்லை? ஒவ்வொரு நாட்டுத் தொழிற்சாலையும் தன் பழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே கம்பெனி என்ற பெயர் மேலே இருந்தது, உள்ளே பழைய கம்பெனிகள் தனித்தனியாகவே இருந்தன. மென்பொருள் அந்தப் பிளவை வெளியே காட்டியது, அவ்வளவுதான் என்பது என் கணிப்பு.

குழுவில் யார் யார் இருக்க வேண்டும்?

பொருளைத் தொடப்போகிற ஒவ்வொரு கையும். நடைமுறையில் ஆறிலிருந்து பத்துப் பேர் நிரந்தரமாக, மற்றவர்கள் தேவைப்படும்போது. எல்லோரும் மறக்கிற ஆள் சர்வீஸ் மெக்கானிக். மழையில் கிணற்று மேட்டில் நின்றுகொண்டு பம்பைக் கழற்றுகிறவருக்குத் தெரிந்தது ஏசி அறையில் இருப்பவருக்குத் தெரியாது. அடுத்து மறக்கிற ஆள் பேக்கிங் பார்ப்பவர்.

தலைவர் யார்? டிசைன் மேனேஜரா, உற்பத்தி மேனேஜரா?

இரண்டு பேருமே வேண்டாம் என்பேன். ஏதாவது ஒரு துறையின் தலைவர் குழுவுக்கும் தலைவரானால் அந்தத் துறைதான் ஜெயிக்கும்.

டொயோட்டாவில் ஒவ்வொரு காருக்கும் ஒரு தலைமை இன்ஜினியர் உண்டு. ஷுசா என்று பழைய பெயர். பெரும்பாலான இன்ஜினியர்கள் நிர்வாக ரீதியில் அவருக்குக் கீழே வரமாட்டார்கள், அவரவர் துறையில்தான் இருப்பார்கள். ஆனால் கார் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவர் சொல்தான் எடுபடும். அதிகாரத்தால் வாங்குவதை அவர் வாதத்தால் வாங்க வேண்டும்.

1993இல் ஆரம்பித்த ஜி21 திட்டத்துக்கு, பிறகு பிரியஸ் காராக வந்ததற்கு, தகேஷி உச்சியமாடாவைத் தலைமை இன்ஜினியராகப் போட்டார்கள். அவர் அதற்கு முன் எந்தக் காருக்கும் தலைமை இன்ஜினியராக இருந்ததில்லை. எல்லாம் தெரிந்தவராக முடிவெடுக்க முடியாது என்பதால், சம்பந்தப்பட்ட துறை ஆட்களை ஒரே பெரிய அறைக்கு வரவழைத்தார். சுவரெல்லாம் டிராயிங், அட்டவணை, பிரச்சினைப் பட்டியல். அதுதான் இன்று உலகம் முழுக்க ‘ஒபேயா’ என்று சொல்கிற பெரிய அறை. பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் அமைப்பில் சுமார் 80 வகைகளை எடுத்து, படிப்படியாகக் கழித்து, கடைசியில் ஒன்றுக்கு வந்தார்கள். 1997 டிசம்பரில் கார் விற்பனைக்கு வந்தது.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஆலன் 1970களில் ஆய்வு செய்து சொன்னதும் இதோடு பொருந்துகிறது: இருவருடைய மேஜைகளுக்கு நடுவில் 30 மீட்டர் தூரம் வந்தாலே அவர்கள் வேலை விஷயமாகப் பேசிக்கொள்வது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நம் ஊரில் டிசைன் ஆபீஸ் மாடியில், டூல் ரூம் ஷெட்டுக்குப் பின்னால். நடுவில் எத்தனை மீட்டர் என்று ஒருமுறை நடந்து பாருங்கள்.

தொழிலாளிகள் மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை. என்ன செய்வது?

இதை அவர்கள் குறையாகப் பார்க்காதீர்கள். நம் தொழிற்சாலைகளில் ‘சார்’ என்று அழைக்கப்படுகிறவருக்கும் ‘சார்’ என்று அழைக்கிறவருக்கும் நடுவில் இருக்கும் தூரம் மேஜைத் தூரத்தைவிட அதிகம். முப்பது வருடமாக மண் அச்சு போட்டவர், நேற்று பட்டம் வாங்கி வந்த இன்ஜினியர் முன்னால் அவர் டிராயிங்கைத் தப்பு என்று சொல்வாரா? சொன்னால் என்ன நடந்தது என்பதை அவர் ஏற்கெனவே பார்த்திருப்பார்.

எனக்குப் பலன் கொடுத்த வழி, அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடாமல் நானே அவர் இடத்துக்குப் போவது. பென்சில் ஸ்கெட்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டு போவேன். அச்சடித்த, சீல் வைத்த டிராயிங் என்றால் முடிவெடுத்தாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார். பென்சிலில் இருந்தால் அதில் கை வைப்பார். “அண்ணா, இதை அச்சுல எப்படி எடுப்பீங்க?” என்று கேட்பேன். ‘இது சரியா’ என்று கேட்டால் ‘சரிங்க’ என்றுதான் பதில் வரும். ‘எப்படிச் செய்வீங்க’ என்று கேட்டால் செய்முறை வரும், அதற்குள்ளேயே குறையும் வந்துவிடும். “இந்த மூலையில மண்ணு நிக்காதுங்க, பேட்டர்னை எடுக்கறப்பவே ஒடஞ்சிரும். இங்க கொஞ்சம் உருட்டி விடுங்க” என்று ஒருவர் சொல்லி, என் பென்சிலை வாங்கி அவரே அந்த மூலையை வளைத்து வரைந்தார். அந்த வளைவு கடைசி டிராயிங்வரை அப்படியே இருந்தது.

இன்னொன்று. யோசனை சொன்னவருக்கு அதன் கதி என்ன ஆயிற்று என்று திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும். ஏற்க முடியாவிட்டால் காரணத்தோடு சொல்லுங்கள். அதைச் செய்யாவிட்டால் அடுத்த முறை ஸ்பேனரைத் தேய்த்துக்கொள்வார்கள்.

மீட்டிங்கிலேயே நாள் போய்விடுகிறதே?

போகும், எல்லாவற்றுக்கும் எல்லோரையும் கூப்பிட்டால். நின்றுகொண்டு பதினைந்து நிமிடம், டிராயிங்கைச் சுவரில் ஒட்டி, நேற்றிலிருந்து எது மாறியது என்பது மட்டும். மீதியை இருவர் மூவராகத் தனியே பேசிக்கொள்ளலாம்.

சப்ளையரை எப்போது உள்ளே கொண்டுவருவது? விலை முடிக்காமல் எப்படி?

டிசைன் தொடங்கும்போதே. பர்ச்சேஸ் பிரிவு இதைத்தான் கடுமையாக எதிர்க்கும். டிராயிங்கைக் காட்டி மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் கொடுப்பது அவர்கள் பழக்கம். ஆனால் முதல் நாளே வந்து யோசனை கொடுத்த சப்ளையரின் யோசனையை டிராயிங்கில் சேர்த்துக்கொண்டு, அதே டிராயிங்கை அவருடைய போட்டியாளரிடம் கொட்டேஷனுக்கு அனுப்பினால், அது துரோகம். ஒரு கம்பெனியில் என் கண் முன்னாலேயே அது நடந்தது. அந்த பேட்டர்ன் கடைக்காரர் அதற்குப் பிறகும் எங்களுக்கு வேலை செய்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. டிராயிங்கில் இருப்பதைச் செய்து கொடுத்தார், பில் போட்டார். இழப்பு யாருக்கு?

ஆகவே இலக்கு விலையை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லி, அந்த விலைக்குள் செய்ய முடிந்தால் ஆர்டர் உங்களுக்குத்தான் என்று எழுத்தில் கொடுத்துவிட்டு உட்காருங்கள்.

வேலையைக் கொடுத்துவிட்டுக் கூட உட்காராமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே போயிங்கின் 787 இருக்கிறது. பாகங்களின் வடிவமைப்பையே பெருமளவு உலகெங்கும் உள்ள சப்ளையர்களிடம் விட்டார்கள். 2007 ஜூலை 8 அன்று ஊருக்குக் காட்டிய விமானத்தில் பல இடங்களில் தற்காலிகப் பிணைப்பாணிகள்தான் இருந்தன. 2008இல் வர வேண்டியது 2011 அக்டோபரில்தான் பயணிகளோடு பறந்தது. 777 செய்த கம்பெனிதான் இதையும் செய்தது. ஒருமுறை நன்றாகச் செய்ததால் இந்தப் பழக்கம் கம்பெனியிலேயே தங்கிவிடும் என்று நம்ப முடியாது.

இந்தியாவில் யாராவது செய்திருக்கிறார்களா?

மஹிந்திரா ஸ்கார்பியோ நல்ல உதாரணம். ஜீப் மாதிரி வண்டிகள் செய்துகொண்டிருந்த கம்பெனி, முதன்முறையாகத் தானே முழுதாக ஒரு நவீன வண்டியை வடிவமைத்தது. வடிவமைப்பையும் உற்பத்தியையும் ஒன்றாகச் சேர்க்கும் திட்டமாகவே அதைத் தொடங்கினார்கள். சுமார் 120 பேர், 19 பல்துறைக் குழுக்கள், பெரும்பாலும் இளைஞர்கள். சீட், சஸ்பென்ஷன் போன்றவற்றின் வடிவமைப்பில் சப்ளையர்கள் ஆரம்பத்திலிருந்தே இருந்தார்கள். 2002 ஜூனில் வெளிவந்தது.

துறைகளுக்கு நடுவே சுவரை உடைப்பதில் தமிழ்நாட்டுக்கும் பெருமையான பங்கு உண்டு. தர நிர்வாகத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை 1998இல் முதன்முதலாக வாங்கிய இந்தியக் கம்பெனி சுந்தரம் கிளேட்டன், சென்னை பாடியில் இருந்த அதன் பிரேக் பிரிவுக்காக. 2002இல் டிவிஎஸ் மோட்டார் வாங்கியது.

70 சதவீதச் செலவு டிசைனிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்கிறார்களே, உண்மையா?

எல்லா ஸ்லைடிலும் இந்த எண் வரும். இதை ஒரு விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொருளுக்குப் பொருள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே டிராயிங்கை இரண்டு தொழிற்சாலையில் கொடுத்துப் பாருங்கள், செலவில் எவ்வளவு வித்தியாசம் வருகிறது! ஆனால் திசை சரியானது. பென்சில் கோட்டை அழிக்க ஒரு ரப்பர் போதும், டை வெட்டிய பிறகு மாற்ற லட்சங்கள் ஆகும்.

எந்த வேலைக்கு இது தேவையில்லை?

பழைய மாடலில் பெயிண்ட் நிறம் மாற்றுவது, ஏற்கெனவே ஓடும் பம்பில் ஓர் அளவு கூட்டுவது போன்றவற்றுக்குக் குழு வேண்டாம். அதேபோல அடிப்படைத் தொழில்நுட்பமே வேலை செய்யுமா என்று தெரியாத நிலையில் டூலிங்கைத் தொடங்காதீர்கள். அந்தச் சோதனையை முதலில் தனியாக முடியுங்கள்.

சரியாக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிராயிங் மாற்றக் குறிப்புகளைத் தேதிவாரியாக எண்ணுங்கள். நல்ல குழுவில் மாற்றங்கள் முன்னால் குவிந்திருக்கும், உற்பத்தி தொடங்கும் நேரத்தில் அடங்கிவிடும். சுவர் இருக்கும் இடத்தில் முன்னால் அமைதியாக இருக்கும், முதல் பேட்ச் ஓடும் வாரத்தில் வெடிக்கும். இங்கே மேலதிகாரிகள் செய்யும் தப்பு, ஆரம்பத்தில் அதிக மாற்றம் வந்தால் டிசைனரைத் திட்டுவது. திட்டினால் அவர் டிராயிங்கை ஒளித்துவைப்பார்.

முப்பது பேர் வேலை செய்யும் சின்ன யூனிட். எங்கிருந்து தொடங்குவது?

உங்களுக்கு இது பெரிய கம்பெனிகளைவிடச் சுலபம், எல்லோரும் ஒரே கூரைக்கு அடியில்தான் இருக்கிறீர்கள். அடுத்து வரும் சின்னப் பொருள் ஒன்றை எடுங்கள். முதல் ஸ்கெட்ச் போட்ட அன்றைக்கே பேட்டர்ன் செய்கிறவர், மெஷின் ஆபரேட்டர், ஃபிட்டர் மூவரிடமும் அதைக் கொண்டுபோங்கள். அளவுகளுக்கு மூன்று கலர் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள்: இனி மாறாதது பச்சை, மாறலாம் என்பது மஞ்சள், இன்னும் தெரியாதது சிவப்பு. மஞ்சளுக்குப் பக்கத்தில் எந்தத் திசையில் மாறும் என்று ஓர் அம்புக்குறி. ஒவ்வொரு பாகத்தையும் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள்: இது மற்றதைவிட்டுத் தனியாக அசைய வேண்டுமா? வேறு உலோகத்தில்தான் இருக்க வேண்டுமா? பூட்டவும் கழற்றவும் தனியாக இருந்தே ஆக வேண்டுமா? மூன்றுக்கும் இல்லை என்றால் பக்கத்துப் பாகத்தோடு சேர்த்துவிட முடியுமா என்று பாருங்கள். பூத்ராய்ட், டூஹர்ஸ்ட் என்ற இருவர் வளர்த்தெடுத்த முறை இது; காகிதமும் பென்சிலும் போதும்.

ஃபிட்டரிடம் போகும்போது அவர் மேஜைக்கு மேலே ஆணியில் என்னென்ன தொங்குகிறது என்று பாருங்கள். தேய்த்த ஸ்பேனர், வளைத்த ஸ்குரூ டிரைவர், பைப் சொருகி நீளமாக்கிய ஆலன் கீ. ஒவ்வொன்றும் எந்த மாடலுக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.